ஸ்டோக்ஸ் இழந்த ஓர் எழுத்து

உயரமான கண்ணாடிச் சாடி ஒன்றில் விளக்கெண்ணெயை நிரப்பி, சிறு எஃகுக் குண்டுகளை ஒவ்வொன்றாக விட்டு, இரண்டு கோடுகளுக்கு இடைப்பட்ட தொலைவைக் கடக்க அவை எடுத்துக்கொள்ளும் நேரத்தை நிறுத்துக் கடிகாரத்தால் அளக்கும் சோதனையை உங்களில் பலர் செய்திருப்பீர்கள். எண்ணெயின் பாகியல் எண்ணைக் காணும் சோதனை அது. அந்தச் சோதனையின் தலைப்பை உங்கள் செய்முறைக் குறிப்பேட்டில் ஆங்கிலத்தில் எப்படி எழுதியிருக்கிறீர்கள் என்று இப்போதே எடுத்துப் பாருங்கள். பத்தில் ஏழெட்டுப் பேர் 'ஸ்டோக்' என்று எழுதி, அதன் தலைமேல் ஒரு காற்புள்ளியைத் தொங்கவிட்டு, அதன் பிறகு எஸ் என்ற எழுத்தைப் போட்டிருப்பீர்கள். அதாவது 'ஸ்டோக் என்பவருடைய விதி' என்று எழுதியிருப்பீர்கள்.

ஸ்டோக் என்று ஒருவர் அந்த விதியைக் கண்டதில்லை. கண்டவர் பெயர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். கடைசியில் உள்ள எஸ் அவருடைய பெயரின் எழுத்து; அவர் தந்தையிடமிருந்து பெற்றது. அதை எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்த நமக்கு உரிமை இல்லை.

"இது ஆங்கில இலக்கண வகுப்பு அல்லவே, அறிவியல் இதழில் இதற்கு என்ன இடம்?" என்று நீங்கள் கேட்கலாம். இதனால் என் வகுப்பில் ஒரு மாணவருக்கு நேர்ந்ததைச் சொல்லி விடுகிறேன். இடம் உண்டா இல்லையா என்று பிறகு நீங்களே முடிவு செய்யுங்கள்.

கரும்பலகையில் நான் செய்த பிழை

சில ஆண்டுகளுக்கு முன் இளநிலை முதலாண்டு மாணவர்களுக்கு இந்தச் சோதனையை நடத்திக்கொண்டிருந்தேன். எங்கள் துறையில் வழங்கிய ஆய்வுக்கூடக் கையேட்டில் தலைப்பு அப்படித்தான் இருந்தது. கடைகளில் கிடைத்த வழிகாட்டி நூல்களிலும் அப்படித்தான். நானும் மூன்று ஆண்டுகளாக அதைப் பார்த்துக் கரும்பலகையில் அப்படியே எழுதி வந்தேன். ஒரு கணமும் நின்று யோசித்ததில்லை.

பிற்பகல் கருத்தரங்குக்காக ஒவ்வொரு மாணவருக்கும் ஒரு விதியைக் கொடுத்து, அதைக் கண்டவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழ்வழியில் படித்த ஒரு மாணவருக்கு இந்த விதி வந்தது. அவர் சோம்பேறி அல்லர். நூலகத்துக்குப் போய், ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தின் உரிய தொகுதியை எடுத்து, நான் எழுதிப்போட்ட பெயரில் இருந்து காற்புள்ளியையும் எஸ் எழுத்தையும் முறைப்படி நீக்கிவிட்டு, 'ஸ்டோக்' என்று தேடியிருக்கிறார். அவருக்குக் கிடைத்தது இங்கிலாந்தில் உள்ள ஸ்டோக்-ஆன்-டிரென்ட் என்ற நகரம். மட்பாண்டத் தொழிலுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. குழைத்த களிமண்ணுக்கும் பாகுநிலைக்கும் தொடர்பு இருக்கத்தானே வேண்டும் என்று அவரே முடிவு கட்டிக்கொண்டு, "இந்த விதி இங்கிலாந்தின் ஒரு மட்பாண்ட நகரத்தின் பெயரால் வழங்குகிறது" என்று மேடையில் பேசினார்.

வகுப்பு சிரித்தது. ஆங்கிலவழியில் படித்துவந்த ஒருவர், "சார், அது மனுசன் பேரு சார்" என்றார். சிரிப்பு இன்னும் பலமானது. பேசியவர் பாதியில் இறங்கிப் பின்வரிசையில் உட்கார்ந்துகொண்டார். அந்தப் பருவம் முடியும்வரை அவர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அன்று இரவு நான் அந்தக் கலைக்களஞ்சியத்தைப் பார்த்தேன். அந்த மாணவர் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. ஆங்கில இலக்கணம் சொல்வதை அவர் எழுத்துக்கு எழுத்துப் பின்பற்றியிருந்தார். பிழை கரும்பலகையில் இருந்தது. அதை எழுதியவன் நான்.

ஒலியைக் கேட்டு எழுதினால்

இந்தப் பிழை எப்படிப் பிறக்கிறது? நம் வகுப்புகளில் ஆங்கிலக் குறிப்புகளை ஆசிரியர் சொல்லச் சொல்ல மாணவர் எழுதுகிறார். 'பாயில்ஸ் லா' என்று கேட்கிறது; புத்தகத்தில் பார்த்தால் மனிதர் பெயர் பாயில். 'ஓம்ஸ் லா' என்று கேட்கிறது. மனிதர் பெயர் ஓம். 'ஹூக்ஸ் லா' என்று கேட்கிறது. மனிதர் பெயர் ஹூக். பிறகு 'ஸ்டோக்ஸ் லா' என்று கேட்கிறது. அப்படியானால் மனிதர் பெயர் ஸ்டோக் ஆகத்தானே இருக்க வேண்டும்? மூன்று சான்றுகளிலிருந்து ஒரு பொது விதியைப் பெறுவதைத்தான் நாமே இயற்பியலில் கற்றுக்கொடுக்கிறோம்! மாணவரின் தருக்கம் சரி. அவருக்கு நான்காவது சான்றை ஒழுங்காகத் தரவில்லை என்பதே குறை.

ஸ்டோக்ஸ் தனியாக இழக்கவில்லை. அவருக்குத் துணை பலர் இருக்கிறார்கள். ஒளி அலைக்கொள்கையை வகுத்த டச்சு அறிஞர் கிறிஸ்தியான் ஹைகன்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 1629-இல் பிறந்து 1695-இல் மறைந்தவர்; 1655-இல் சனியின் துணைக்கோளான டைட்டனைக் கண்டவர்; 1690-இல் ஒளியைப் பற்றிய தம் நூலை வெளியிட்டவர். நம் வழிகாட்டி நூல்களில் இவர் 'ஹைகன்' ஆகிவிடுகிறார். தமிழிலும் சிலர் 'ஹைகனின் தத்துவம்' என்று எழுதுகிறார்கள். 2005 ஜனவரி 14 அன்று டைட்டனில் இறங்கிய விண்கலத்துக்கு இவர் பெயரைத்தான் வைத்தார்கள். அதில் எஸ் பத்திரமாக இருந்தது.

வாயு மூலக்கூறுகளுக்கிடையே உள்ள கவர்ச்சியைக் கணக்கில் சேர்த்து, 1873-இல் தம் ஆய்வேட்டில் ஒரு சமன்பாட்டைத் தந்தவர் யோகான்னஸ் டிடெரிக் வாண்டர் வால்ஸ். 1910-இல் நோபல் பரிசு பெற்றார். இவர் பெயரையும் நம் நூல்கள் வெட்டி 'வாண்டர் வால்' ஆக்குகின்றன. வேதியியல் வினாத்தாள்களில்கூட இதைப் பார்த்திருக்கிறேன்.

சிலர் எஸ்ஸை இழக்க, வேறு சிலர் தமக்கு உரிமையில்லாத எஸ்ஸைப் பெற்றுவிடுகிறார்கள். தமிழில் எழுதும்போது 'ஓம்ஸ் விதி', 'ஹூக்ஸ் விதி', 'பாயில்ஸ் விதி' என்று எழுதுகிறோம் அல்லவா? அங்கே உள்ள 'ஸ்' ஆங்கில வேற்றுமை உருபு. அதைத் தமிழில் கொண்டுவந்து பெயரோடு ஒட்டவைப்பது, 'கம்பனின்' என்ற சொல்லைப் பார்த்துவிட்டு ஓர் ஆங்கிலேயர் அந்தப் புலவருக்குப் பெயரே 'கம்பனின்' என்று எழுதுவதைப் போன்றது. ஓம் விதி, ஹூக் விதி, பாயில் விதி என்பதே தமிழ். உருபு மறைந்து நிற்கும் ஆறாம் வேற்றுமைத் தொகை நம்மிடம் இருக்கிறது, அதுவே போதும். ஆனால் ஸ்டோக்ஸ் விதி, ஹைகன்ஸ் தத்துவம், காஸ் விதி, சார்லஸ் விதி என்று எழுதும்போது அந்த 'ஸ்' நிற்கத்தான் வேண்டும். அது பெயரின் உறுப்பு.

இலக்கண நூல்கள் சொல்வதும் சொல்லாததும்

இப்போது ஆங்கில இலக்கண நூல்களின்மீது என் குறையைச் சொல்கிறேன். உடைமையைக் காட்டும் அந்தக் குறிக்கு ஆங்கிலத்தில் 'அப்பாஸ்டிரபி' என்று பெயர். நாம் இங்கே உடைமைக் குறி என்று வைத்துக்கொள்வோம். பள்ளியில் அதற்கு நான்கைந்து விதிகளை மனப்பாடம் செய்யச் சொல்கிறார்கள். ஒருமைச் சொல்லானால் குறியும் எஸ்ஸும்; எஸ்ஸில் முடியும் பன்மையானால் குறி மட்டும்; எஸ்ஸில் முடியாத பன்மையானால் மறுபடி குறியும் எஸ்ஸும்; சீறொலி மிகுந்தால் குறி மட்டும்; இப்படிப் போகிறது. எடுத்துக்காட்டு என்றால் எப்போதும் ஒரு பையனும் அவன் புத்தகமும்தான். பெயரிலேயே எஸ் உள்ள மனிதரை அந்தப் பக்கங்களில் காண்பது அரிது.

இவ்வளவு விதிகள் தேவையா? தேவையில்லை என்பது என் கருத்து. ஒரே ஒரு விதி போதும்: குறிக்கு இடப்பக்கத்தில் இருப்பவரே உடைமையாளர். உங்கள் விரலால் குறியையும் அதற்கு வலப்பக்கத்தில் உள்ளதையும் மூடுங்கள். மிஞ்சி நிற்பது யாரோ, பொருள் அவருடையது.

இதைச் சோதித்துப் பார்ப்போம். 'பாய்'ஸ்' என்பதில் மூடினால் 'பாய்' மிஞ்சுகிறது: ஒரு பையன். 'பாய்ஸ்'' என்பதில் மூடினால் 'பாய்ஸ்' மிஞ்சுகிறது: பல பையன்கள். 'சில்ட்ரன்'ஸ்' என்பதில் 'சில்ட்ரன்' மிஞ்சுகிறது: குழந்தைகள். 'ஸ்டோக்'ஸ்' என்பதில் மிஞ்சுவது 'ஸ்டோக்': அப்படி ஒருவர் இல்லை; ஆகவே பிழை. 'ஸ்டோக்ஸ்'' என்றாலும் சரி, 'ஸ்டோக்ஸ்'ஸ்' என்றாலும் சரி, மிஞ்சுவது ஸ்டோக்ஸ். இரண்டும் சரியே.

'இரண்டும் எப்படிச் சரியாகும்?' என்று கேட்பீர்கள். எஸ்ஸில் முடியும் ஒருமைப் பெயருக்குப் பின் இன்னொரு எஸ் வேண்டுமா என்பதில் ஆங்கிலேயருக்குள்ளேயே ஒருமித்த கருத்து இல்லை. சில பதிப்பகங்கள் வேண்டும் என்கின்றன. சில வேண்டாம் என்கின்றன. காஸ், ஹெஸ் போன்ற குறும்பெயர்களுக்கு எஸ்ஸைச் சேர்த்து 'காஸிஸ்', 'ஹெஸிஸ்' என்று ஒலிப்பதும் அப்படியே எழுதுவதும் பெருவழக்கு. ஆர்க்கிமிடீஸ், பித்தகோரஸ் போன்ற பழங்காலப் பெயர்களுக்குக் குறி மட்டும் இடுவது மரபு. ஒரு நூல் ஏதேனும் ஒரு முறையைக் கொண்டு அதையே கடைசிவரை கடைப்பிடித்தால் போதும். ஆனால் பெயருக்கு நடுவே குறியைச் செருகுவதை எந்தப் பதிப்பகமும் ஒப்புக்கொள்வதில்லை. விருப்பத்துக்கு விடப்பட்டது எது, பிழை எது என்ற இந்த வேறுபாட்டைத்தான் நம் இலக்கண வகுப்புகள் சொல்லித்தர வேண்டும்.

குறி ஓர் இடம் நகர்ந்தால்

உடைமைக் குறி இருக்கும் இடம் வெறும் அலங்காரம் அன்று. அது ஒரு தகவல். அறிவியல் வரலாற்றிலிருந்தே இரண்டு சான்றுகள் தருகிறேன்.

படிகங்களில் ஊடுகதிர் விளிம்பு விளைவுக்கு உரிய விதியை 1912-இல் கேம்பிரிட்ஜில் வெளியிட்டவர் வில்லியம் லாரன்ஸ் பிராக். அப்போது அவர் ஓர் ஆய்வு மாணவர். அவருடைய தந்தை வில்லியம் ஹென்றி பிராக்கும் அதே துறையில் உழைத்தார். 1915-இல் நோபல் பரிசு இருவருக்கும் சேர்த்துக் கிடைத்தது. மகனுக்கு வயது 25. ஆகவே 'பிராக்'ஸ்' விதி என்று குறியை எஸ்ஸுக்கு முன்னால் இட்டால் அது மகன் கண்ட விதி. 'பிராக்ஸ்'' பரிசு என்று எஸ்ஸுக்குப் பின்னால் இட்டால் அது தந்தையும் மகனும் பெற்ற பரிசு. குறி ஓர் எழுத்தைத் தாண்டியதும் தந்தை உள்ளே வந்துவிடுகிறார்! அக்காலத்தில் பலரும் அந்தப் பணி முழுவதையும் புகழ்பெற்ற தந்தையின் பெயரிலேயே ஏற்றிப் பேசியது மகனுக்கு நெடுநாள் வருத்தமாக இருந்தது என்பதை நினைத்தால், அந்தக் குறியின் இடம் சிறிய விஷயமாகத் தோன்றாது.

இரண்டாவது சான்று கியூரி தம்பதியர். காந்தப் பொருள்களின் காந்த ஏற்புத்திறன் வெப்பநிலையோடு மாறுவதைச் சொல்லும் விதி, 1895-இல் பியேர் கியூரி தனியாகக் கண்டது. ஆகவே 'கியூரி'ஸ்' விதி, ஒருமை. 1898-இல் பொலோனியத்தை வெளிப்படுத்தியவர்கள் பியேரும் மேரியும். ஆகவே 'கியூரிஸ்'' கண்டுபிடிப்பு, பன்மை. இதை ஒருமையில் எழுதினால் இருவரில் ஒருவர் வெளியேறுகிறார். வெளியேறுவது யார் என்று படிப்பவர் ஊகிக்க வேண்டியதுதான்.

இருவர் பெயரும் தனித்தனியே வந்தால் வேறொரு வழக்கு. 'வாட்சன் அண்டு கிரிக்'ஸ்' மாதிரி என்று குறியைக் கடைசிப் பெயருக்கு மட்டும் இட்டால், 1953-இல் இருவரும் சேர்ந்து தந்த ஒரே மாதிரி என்று பொருள். 'பாயில்'ஸ் அண்டு சார்லஸ்'' விதிகள் என்று இருவருக்கும் இட்டால், அவருக்கு ஒன்று, இவருக்கு ஒன்று என்று பொருள்.

தமிழர்க்கே நேரும் ஒரு தடுமாற்றம்

நியூட்டனின் இயக்க விதிகள் மூன்று. அதனால் நம் மாணவர்கள் சிலர் குறியை எஸ்ஸுக்குப் பின்னால் இட்டு 'நியூட்டன்ஸ்' லாஸ்' என்று எழுதுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "விதிகள் பன்மை அல்லவா?" என்பார்கள். விதிகள் பன்மைதான், நியூட்டன் ஒருவர்தானே! மேக்ஸ்வெல் சமன்பாடுகளுக்கும் கிர்க்காஃப் விதிகளுக்கும் இதே கதி.

இந்தத் தடுமாற்றத்தை நான் அறியாமை என்று தள்ளிவிட மாட்டேன். இதற்கு நம் மொழியிலேயே ஒரு வேர் இருக்கிறது. நன்னூல் ஆறாம் வேற்றுமைக்கு உருபு சொல்லும்போது, உடைமைப் பொருள் ஒன்றானால் 'அது', 'ஆது' என்றும், பலவானால் 'அ' என்றும் பிரிக்கிறது. 'எனது கை' என்றால் ஒரு கை; 'என கைகள்' என்றால் பல கைகள். ஆக, நம் பழைய இலக்கணத்தில் உருபு எண்ணிக் காட்டுவது உடைமையை. ஆங்கிலக் குறி எண்ணிக் காட்டுவது உடைமையாளரை. இரண்டும் வெவ்வேறு கணக்குகள். இன்று 'எனது கைகள்' என்று நாம் எழுதப் பழகிவிட்டோம் என்பது வேறு செய்தி. இந்த ஒப்பீட்டை ஆங்கில ஆசிரியர் ஒருவர் ஐந்து நிமிடம் சொல்லித் தந்தால் தமிழ்வழி மாணவருக்கு அந்தக் குறி ஆயுள் முழுவதும் மறக்காது. சொல்லித் தருவோர் அரிது. தமிழாசிரியர் அறையும் ஆங்கில ஆசிரியர் அறையும் தனித்தனியே இருக்கின்றன. நடுவில் உள்ள சுவரில் கதவு இல்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். தமிழில் 'மாணவனின் நூல்', 'மாணவர்களின் நூல்' என்று ஒருமையும் பன்மையும் காதுக்கே வேறாகக் கேட்கின்றன. ஆங்கிலத்தில் ஒருமை உடைமை, பன்மை உடைமை, வெறும் பன்மை ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே ஒலி. கண்ணுக்கு மட்டுமே வேறுபாடு. காரணம் வரலாற்றில் இருக்கிறது. பழைய ஆங்கிலத்தில் பல சொற்களுக்கு 'எஸ்' ஒலியோடு ஓர் உயிரெழுத்தும் சேர்ந்த வேற்றுமை உருபு இருந்தது. காலப்போக்கில் அந்த உயிர் ஒலிப்பில் மறைந்தது. 16-ஆம் நூற்றாண்டில், எழுத்து விடுபட்டதைக் காட்டும் இந்தக் குறி ஆங்கில அச்சில் புகுந்தது. பிறகு அதுவே உடைமையின் அடையாளமாக நிலைத்தது. பன்மைக்குப் பின்னால் குறியிடும் வழக்கம் அதற்கும் பிந்தியது. ஆகவே கேட்டு எழுதிக் கற்க முடியாத ஒன்றைக் கேட்டு எழுதவைத்துக் கற்பிக்கிறோம்.

'இட்ஸ்' என்ற சொல்லில் தடுமாறாதவர் இல்லை. ஊசலும் அதன் நீளமும் என்னும்போது குறி வராது. 'ஹிஸ்', 'ஹெர்ஸ்' என்பவற்றுக்குக் குறி இல்லாததுபோல இதற்கும் இல்லை. குறி வந்தால் 'அது இருக்கிறது' என்று பொருள் மாறிவிடும்.

ஆய்வுக்கூடத்தில் இரண்டு எச்சரிக்கைகள்

அலகுகளை எழுதும்போது உடைமைக் குறிக்கு வேலையே இல்லை. ஐந்து நியூட்டன் விசையை ஆங்கிலத்தில் எழுதும்போது வருவது வெறும் பன்மை எஸ். அதற்கு முன் குறி இட்டால் 'நியூட்டனுடைய' என்று ஆகிவிடும். மின்கடத்தலின் அலகான சீமென்ஸ் இன்னொரு பொறி. 1971-இல் பன்னாட்டு அலகுமுறையில் ஏற்கப்பட்ட அந்தப் பெயர் வெர்னர் வான் சீமென்ஸ் என்ற ஜெர்மானியப் பொறியாளருடையது. ஆகவே ஒன்று ஆனாலும் ஒரு சீமென்ஸ்தான். 'ஒரு சீமென்' இல்லை.

கால அளவுகளுக்குக் குறி உண்டு. 'பத்து நிமிட வெப்பப்படுத்தல்' என்பதை ஆங்கிலத்தில் உடைமையாக எழுதும்போது 'மினிட்ஸ்'' என்று எஸ்ஸுக்குப் பின்னால் குறி வரும். ஒரு நிமிடமானால் எஸ்ஸுக்கு முன்னால் வரும். மேற்சொன்ன விரல் விதியே இங்கும் பொருந்துவதைக் காணுங்கள்.

உடைமை உண்மையா?

இதுவரை எழுத்தைப் பற்றிப் பேசினோம். இனி அந்த எழுத்து சொல்லும் செய்தியைப் பற்றி ஒரு சொல். 'சார்லஸ் விதி' என்கிறோம். வாயுக்களின் வெப்ப விரிவைப் பற்றி ஜாக் சார்லஸ் ஆராய்ந்தார், ஆனால் வெளியிடவில்லை. 1802-இல் அதை வெளியிட்ட கே-லுசாக், சார்லஸ் முன்பே இதைச் செய்தார் என்று நேர்மையாகக் குறிப்பிட்டார். அந்தப் பெருந்தன்மையால்தான் சார்லஸுக்கு ஒரு விதி கிடைத்தது. ஒளிவிலகலுக்கான 'ஸ்னெல் விதி'யை ஸ்னெல்லுக்கு ஆறு நூற்றாண்டுகள் முன்பே, ஏறத்தாழ 984-இல், பாக்தாதில் இப்னு சகல் எழுதி வைத்திருந்தார். பிரான்சில் அதே விதி டெக்கார்ட் பெயரில் வழங்குகிறது.

எல்லாவற்றிலும் சுவையானது 'ஸ்டோக்ஸ் தேற்றம்'. வெக்டர் நுண்கணிதத்தில் நீங்கள் படிக்கும் அந்தத் தேற்றத்தை ஸ்டோக்ஸ் கண்டுபிடிக்கவில்லை. 1850-இல் வில்லியம் தாம்சன், அதாவது பின்னாளைய கெல்வின் பிரபு, ஸ்டோக்ஸுக்கு எழுதிய ஒரு கடிதத்தில் அதைக் குறிப்பிட்டிருந்தார். ஸ்டோக்ஸ் அதை 1854-இல் கேம்பிரிட்ஜின் ஸ்மித் பரிசுத் தேர்வில் ஒரு வினாவாகக் கேட்டார். அந்தத் தேர்வை எழுதியவர்களில் ஒருவர் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல்! வினாத்தாள் தயாரித்தவரின் பெயர் தேற்றத்துக்கு ஒட்டிக்கொண்டது.

ஆகவே உடைமைக் குறி சட்டப்படியான உரிமைப் பத்திரம் அன்று. அது ஒரு வழக்கம். வழக்கம் வேண்டாம் என்று கருதுவோரும் உண்டு. ராமன் விளைவு, டாப்ளர் விளைவு, ஹால் விளைவு ஆகியவற்றுக்கு ஆங்கிலத்தில் உடைமைக் குறியே இடுவதில்லை. 2019-இல் அலகுமுறையைத் திருத்தி வரையறுத்தபோது அலுவல்முறை ஆவணங்கள் 'பிளாங்க் மாறிலி', 'போல்ட்ஸ்மன் மாறிலி' என்று குறியின்றியே எழுதின. மருத்துவத்தில் டவுன் நோய்க்குறியைக் குறியின்றி எழுதும் வழக்கம் பரவியிருக்கிறது. அந்த மருத்துவர் நோயை விவரித்தவர்தாமே, நோய்க்கு உரியவர் அல்லரே என்பது வாதம். இந்தப் போக்கு நல்லதென்றே நினைக்கிறேன். குறி போனால் குழப்பமும் போகும். தமிழில் 'ஸ்டோக்ஸ் விதி' என்று உருபின்றி எழுதும் நாம் இதில் முன்பிருந்தே நல்ல வழியில்தான் இருக்கிறோம்.

ஆனால் குறி போகட்டும் என்பது வேறு, பெயர் போகட்டும் என்பது வேறு. ஒரு விதியை முதலில் கண்டவர் யார் என்பதில் வழக்கு இருக்கலாம். ஸ்டோக்ஸ் என்ற பெயர் எப்படி முடிகிறது என்பதில் வழக்கு இல்லை.

என்ன செய்யலாம்?

பாடநூலும் கையேடும் எழுதுவோருக்கு என் வேண்டுகோள் ஒன்றே. ஒரு விதி முதன்முதலில் வரும் இடத்தில் கண்டவரின் முழுப்பெயரையும், ஊரையும், ஆண்டையும் ஒரே ஒரு வரியில் தாருங்கள். ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ், 1819-இல் அயர்லாந்தின் ஸ்கிரீன் என்ற சிற்றூரில் பிறந்தவர், 1849 முதல் 1903-இல் இறக்கும்வரை கேம்பிரிட்ஜில் லூக்காசியன் பேராசிரியர், பாகுநிலை விதியை 1851-இல் வெளியிட்டவர். இவ்வளவுதான், இரண்டு வரிகூட ஆகவில்லை. இதைப் படித்த மாணவர் எவரும் ஸ்டோக் என்று எழுத மாட்டார். மட்பாண்ட நகரத்துக்கும் போக மாட்டார். நூலகத்தில் சரியான பக்கத்தைத் திறப்பார்.

மாணவர்களே, உங்களுக்கும் ஒரு வேலை. இன்று உங்கள் குறிப்பேட்டில் ஸ்டோக்ஸ், ஹைகன்ஸ், வாண்டர் வால்ஸ், காஸ், ஹெஸ் ஆகிய ஐந்து பெயர்களையும் தேடுங்கள். ஒவ்வொன்றின்மீதும் விரலை வைத்து மூடிப் பாருங்கள். பிழை இருந்தால் திருத்துங்கள். உங்கள் ஆசிரியர் கரும்பலகையில் பிழையாக எழுதினால் எழுந்து சொல்லுங்கள். நல்ல ஆசிரியர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் மறுநாள் வகுப்பில் தலைப்பைச் சரியாக எழுதிவிட்டு, "நேற்றுவரை இங்கே தவறாக எழுதியவன் நான், கலைக்களஞ்சியத்தை ஒழுங்காகப் பார்த்தவர் அவர்" என்று சொன்னேன். வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த மாணவர் தலை நிமிரவில்லை. முதல் நாள் சிரிப்பை மறுநாள் விளக்கத்தால் முழுவதும் துடைத்துவிட முடியாது என்று அன்று தெரிந்துகொண்டேன். ஆண்டு இறுதியில் செய்முறைக் குறிப்பேட்டில் கையெழுத்து வாங்க வந்தார். அந்தச் சோதனையின் தலைப்பில் விதியின் பெயருக்குக் கீழே, சிறிய எழுத்தில், முழுப்பெயரையும் பிறந்த ஆண்டையும் இறந்த ஆண்டையும் எழுதியிருந்தார். மற்ற சோதனைகளிலும் அப்படியே எழுதியிருந்தார். அதைப் பார்த்த பிறகுதான் எங்கள் துறைக் கையேட்டைத் திருத்தும் வேலையைத் தொடங்கினேன்.